பால் கணக்கு நோட்டில் 48 எண்கள்

அம்மா லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு டீ போடப் போய்விடுவார். பால் பொங்கி, வடிகட்டி, டம்ளரோடு வந்து உட்காரும்போதுதான் திரை ஒரு நிலைக்கு வந்திருக்கும். பேஜ்மேக்கரைத் திறந்தால் இன்னும் அரை டம்ளர் டீ காலியாகும். "இதுவும் என்னை மாதிரிதான் பாப்பா, எந்திரிக்கவே நேரமாகுது" என்பார்.

சிவகாசியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அம்மாவின் ஆபீஸ். கல்யாணத்துக்கு முன்பே தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். பிரஸ்களுக்கு டைப் செட்டிங் செய்து கொடுப்பார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று எது வந்தாலும் சரி. நான் டிப்ளமோ முடிக்கும் வரைக்குமான ஃபீஸில் பெரும்பகுதி அந்தக் கீபோர்டிலிருந்துதான் வந்தது.

பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடியபோது, கைக்கு எட்டிய விலையில் வாங்கிய லேப்டாப் இது. செலரான் பிராசஸர், 4 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராம் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அந்தக் குறைந்தபட்சத்தின் மீதே இந்த லேப்டாப் நிற்கிறது. எதையும் திறக்காமல் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தாலே கிட்டத்தட்ட 3 ஜிபி போய்விட்டிருந்தது. ராம் கூட்டலாம் என்றால், இந்த மாடலில் அது போர்டோடு சேர்த்தே ஒட்டப்பட்டது. மாற்ற வழியில்லை.

சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் மகள் ஊருக்கு வந்தால் சும்மா இருப்பாளா? "இதுல லினக்ஸ் போட்டுடலாம்மா" என்றேன்.

"அதுல பேஜ்மேக்கர் வருமா?"

வராது. அதுதான் சிக்கல். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அடோபி அதைக் கைவிட்டு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அம்மாவுக்கு வேலை தரும் பிரஸ்கள் இன்னும் அந்த ஃபைலைத்தான் கேட்கின்றன. அதில் இருப்பதும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்த ஏற்பாடு அது. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், 'நிகழும் மங்களகரமான' என்ற வரி புரியாத ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அம்மாவிடமிருந்து விண்டோஸைப் பிடுங்குவது, அவர் பிழைப்பைப் பிடுங்குவது.

அதனால்தான் டூயல் பூட் யோசனை. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் இருக்கும், லினக்ஸும் இருக்கும். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும் என்பதால், இருக்கிற 4 ஜிபியும் அந்த ஒன்றுக்கே கிடைக்கும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் உருவாக்கியது அது. பெரியம்மா மகன் பிளஸ் டூவில் வாங்கி வந்த லேப்டாப்பை ஆன் செய்தால் இரண்டு பெயர்கள் வரும். ஒரு நாள்கூட நாங்கள் இரண்டாவதைத் தொட்டதில்லை. படம் பார்க்க முதல் பெயரே போதுமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்.எஃப்.சி.இ என்றொரு வகை உண்டு. எளிய லேப்டாப்களுக்கு ஏற்றது. அதை டவுன்லோடு செய்து, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி எடுத்து வந்திருந்தேன். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது லினக்ஸின் பெரிய வசதி. வைஃபை, ஸ்பீக்கர், டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். எப்போதோ பார்த்த பழைய வீடியோவில் 'செக்யூர் பூட்டை ஆஃப் செய்யுங்கள்' என்று சொல்லியிருந்தார்கள். பயாஸுக்குள் போய் ஆஃப் செய்தேன். மின்ட்டுக்கு அது தேவையே இல்லை, செக்யூர் பூட் ஆனில் இருந்தாலும் ஓடும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

பென்டிரைவிலிருந்து மின்ட் அழகாக வந்தது. வைஃபை கிடைத்தது. பாட்டு கேட்டது. திருப்தியாக அணைத்து, பென்டிரைவை உருவிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினேன்.

நீலத் திரை. 'பிட்லாக்கர் ரெக்கவரி'. 48 இலக்க எண்ணைக் கொடு என்றது.

எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கப்படும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், நாம் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். லேப்டாப் திருடு போனால் ஃபைல்களை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. செக்யூர் பூட் போன்ற அமைப்பை மாற்றினால், யாரோ கை வைக்கிறார்கள் என்று நினைத்து அது சாவியைக் கேட்கும். பென்டிரைவைத் திரும்பச் செருகி மின்ட் வழியாக ஃபைல்களையாவது எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அங்கேயும் அந்த டிரைவ் பூட்டுப் படத்தோடுதான் நின்றது.

"என்ன பாப்பா, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?"

சொன்னேன். அம்மா கத்தவில்லை. "வாத்தியார் ஐயா புஸ்தகம் அதுலதான இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கையால் எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் கதை. 180 பக்கம். இரண்டு மாதமாக ராத்திரி ராத்திரியாக அம்மா டைப் செய்தது. திருத்தம் எல்லாம் முடிந்து திங்கட்கிழமை பிரஸ்ஸுக்குப் போக வேண்டியது. பிரதி வேறெங்கும் இல்லை. பேக்கப் எடுக்காமல் ஆரம்பித்தது நான்தான். 'பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள 5 வழிகள்' என்று செய்தி போட்டவளும் நான்தான்.

அந்தச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால், எந்தக் கணக்கு? லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தார். அம்மாவின் போனில் இருந்த மெயில் ஐடி அது இல்லை. நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். கோபத்தில் போகிறார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் பால் கணக்கு நோட்டு இருந்தது.

"அந்தத் தம்பி 'எழுதி வச்சுக்கங்கக்கா'ன்னு சொல்லுச்சு. எழுதி வச்சேன்."

கடைசிப் பக்கத்தில், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே, லேப்டாப் வாங்கிய தேதி போட்டு, ஒரு மெயில் ஐடியும் பாஸ்வேர்டும். எது சின்ன எழுத்து, எது பெரிய எழுத்து என்பதுகூட அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

என் போனில் அந்தக் கணக்குக்குள் போனேன். சாவி இருந்தது. நீலத் திரையில் இருந்த அடையாளக் குறியின் முதல் 8 எழுத்துகளும் அதோடு பொருந்தின. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. என் விரல்கள் நடுங்கியதால் அம்மா கீபோர்டை இழுத்துக்கொண்டார். நான் வாசிக்க வாசிக்க, திரையைக்கூடப் பார்க்காமல் அடித்தார். டைப்ரைட்டிங் ஹையர். 48 எண்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. விண்டோஸ் திறந்தது.

அம்மா முதலில் வாத்தியார் ஐயா புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கம் வரை ஓட்டிப் பார்த்தார். "இனி என்ன செய்யணுமோ செய். முதல்ல இதை வேற எதுலயாவது எடுத்து வை" என்றார்.

அப்புறம்தான் ஒழுங்கான வேலை தொடங்கியது. அம்மாவின் ஃபைல்கள், ஃபான்ட்கள் எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன். செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்தேன். விண்டோஸ் செட்டிங்ஸில் அந்த டிஸ்க் பூட்டை முறையாக நீக்கினேன். ஒரு மணி நேரம் பிடித்தது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை ஆஃப் செய்தேன். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் அதே பகுதியில் எழுதினால் ஃபைல்கள் கெட்டுப்போகலாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி காலி செய்தேன். மின்ட்டுக்கு 20 ஜிபி இருந்தாலே ஓடும். கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

நிறுவும்போது ஓரிடத்தில் 'டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு' என்றும் ஒரு வழி வரும். அவசரத்தில் அதைத் தொட்டால் எல்லாம் போச்சு. காலி செய்த 60 ஜிபியை மட்டும் காட்டி, எழுத்தெழுத்தாகப் படித்து அழுத்தினேன். அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. மறுபடி ஆன் செய்தபோது, கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு விண்டோஸைத் திறந்த அம்மா, "பாப்பா, இதுல இன்னும் விடியவே இல்லையே!" என்றார். கடிகாரம் 4:30 காட்டியது. லேப்டாப்பின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கும். அதனால் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விட்டது. லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையில் சரியானது.

இன்னொரு மாற்றமும் செய்தேன். அந்த இரண்டு பெயர்களில் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், 10 விநாடியில் லினக்ஸ் தானாகத் திறக்கும். அதை விண்டோஸ் திறக்கும்படி மாற்றினேன். அது அம்மாவின் லேப்டாப். லினக்ஸ் வேண்டும் என்பவர்தான் பட்டனைத் தேட வேண்டும்.

திங்கட்கிழமை வாத்தியார் ஐயா புத்தகம் பிரஸ்ஸுக்குப் போனது. விண்டோஸ் முன்பு இருந்த அதே வேகத்தில்தான் இருக்கிறது, டூயல் பூட்டால் அது மாறாது. ஆனால், மின்ட் திறந்து ஒன்றும் செய்யாமல் நிற்கும்போது ஏறக்குறைய 1 ஜிபிதான் எடுக்கிறது. பழைய டைப்ரைட்டர் கீபோர்டு அமைப்பையும் அதில் சேர்த்துக் கொடுத்தேன். "ரெண்டு மூணு எழுத்து இடம் மாறிக் கெடக்கு" என்று குறை சொன்னார். யூனிகோடில் கேட்கும் காலேஜ் பிள்ளைகளின் வேலையை இப்போது அதில்தான் அடிக்கிறார். பிரஸ் வேலை என்றால் விண்டோஸ், கூடவே டீ.

சென்னைக்குக் கிளம்பும் முன் டிஸ்க் பூட்டை மறுபடி போட்டேன். இந்த முறை வந்த 48 எண்களை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அம்மா அதை நம்பவில்லை. என்னை வாசிக்கச் சொல்லி, பால் கணக்கு நோட்டில் ஆறு ஆறாகப் பிரித்து எழுதி, ஒரு தடவை திருப்பி வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் பஸ்ஸுக்கு விட்டார்.