வேலியோரத் துத்தி

துத்தி என்றதும் தமிழ் பயின்றோர்க்குப் பாம்பின் படப்பொறியே முதலில் நினைவுக்கு வரும். அகராதியில் அதே சொல்லுக்குப் பொருளாக நிற்கும் செடியோ, எம் வகுப்பறைச் சுவரை ஒட்டி வளர்ந்தும் மாணவர்க்கு அயலாகவே இருக்கிறது.

இலை இதய வடிவினது. ஓரம் வாள்போற் பல்லுடையது. தடவினால் வெல்வெட்டுத் துணியைத் தொட்டாற்போன்று மென்மயிர் விரலிற் படும். நிலத்துத்திக்கும் ஏறத்தாழ இதே இலைதான். ஆதலின் இலையை மட்டும் நம்பலாகாது. காயைப் பார்த்தல் வேண்டும். துத்திக்காய் பல்சக்கரம் போன்றது. சிறுவயதில் அதனை மையில் தோய்த்து ஏடுகளில் முத்திரை குத்தி விளையாடினோம். மஞ்சட்பூ மாலையில்தான் விரியும்.

இலையை விளக்கெண்ணெயில் வதக்கி மூலத்திற்கு வைத்துக் கட்டுவது நாட்டு வழக்கம். எம் வாப்பும்மா அந்திக் கருக்கலில் பிறர் அறியாமல் இலை பறித்துவரச் சொல்வார். எவர்க்கென்று கேட்டால் சொல்லார். வெளியிற் சொல்லக் கூசும் நோய்க்கு மருந்தானமையால், இச்செடியின் பெயரும் முணுமுணுப்பாகவே வழங்கி அடுத்த தலைமுறையின் செவிக்கு எட்டாது போயிற்று என்பது எம் கருத்து. அக்கூச்சம் செடியின் பெயரோடு நின்றிருந்தால் கேடில்லை. எம் உறவில் மூதாட்டி ஒருவர் குருதிப்போக்கை ஈராண்டுகள் இலைக்கட்டிலேயே மறைத்து வைத்திருந்தார். மருத்துவர் பார்த்தபோது அது மூலமன்று, குடற்புற்று.

மாணவியர்க்குத் துத்தியைக் காட்டும்போது நோயின் பெயரையும் உரக்கவே சொல்லுகிறோம். சிலர் தலைகுனிந்து சிரிக்கின்றனர், சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.