உரிமையாளர்: பஸ் ஸ்டாப்

காலை ஒன்பதே கால். சென்னைப் புறநகரில் தகரக் கூரை போட்ட நாய்க் காப்பகம். ஷேர் ஆட்டோவிலிருந்து அரிசிச் சாக்கு ஒன்று இறங்குகிறது. சாக்கின் வாயில் ஒரு தலை.

தூக்கி வருபவன் உணவு டெலிவரி பையன். சட்டையில் ரத்தம். பாக்கெட்டில் செல்போன் விடாமல் அடிக்கிறது. யாருக்கோ பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது.

எவர்சில்வர் மேஜை. செம்பழுப்புப் பெட்டை. காதில் ‘வி’ வெட்டு: கருத்தடை ஆனது. யாரோ ஒருநாள் பிடித்து, அறுத்து, தைத்து, பிடித்த தெருவிலேயே திரும்ப விட்டிருக்கிறார்கள். முன்னங்கால்கள் எழப் பார்க்கின்றன. பின்பாதி கூட வரவில்லை.

டாக்டருக்கு முப்பது வயது இருக்காது. முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டுகிறார். ஓரிடத்தில் விரல் நிற்கிறது. ஃபோர்செப்ஸை எடுத்துப் பின்னங்கால் விரலைக் கவ்வி அழுத்துகிறார். கால் வெடுக்கென்று உள்ளே போகிறது.

“மேடம், உணர்ச்சி இருக்கு!” பையன் சிரிக்கிறான்.

டாக்டரின் கண் காலில் இல்லை. நாயின் முகத்தில் இருக்கிறது. காலை இழுப்பது தண்டுவடம் தானாகச் செய்கிற வேலை. வலி மூளைக்குப் போயிருந்தால் தலை திரும்பும், உறுமல் வரும், பல் தெரியும். நாய் பையனின் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விரல். இன்னும் அழுத்தம். கால் இழுக்கிறது. நாக்கு நிற்கவில்லை. அடுத்த கால். அதேதான். நாய்க்கடிக்கு ஆசைப்படும் சோதனை இது ஒன்றுதான்.

எக்ஸ்ரே வருகிறது. எலும்பு முறிந்து, துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன.

“ஆபரேஷன் பண்ணா?” “சக்கர வண்டி வெச்சா?” “ரெண்டு நாள் பாத்துட்டு?” மூன்றுக்கும் டாக்டர் ஒரே குரலில் பதில் சொல்கிறார். சிறுநீரைத் தினமும் பல வேளை வயிற்றை அழுத்தி எடுக்க வேண்டும். படுக்கைப்புண் வரும். புண்ணில் புழு வைக்கும். சக்கர வண்டியில் ஏற்கெனவே நாலு நாய்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அந்த ஆள் இன்று லீவு.

படிவம் நீட்டப்படுகிறது. ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் பேனா நிற்கிறது. பிறகு பையன் எழுதுகிறான்: பஸ் ஸ்டாப்.

சுவரில் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாடு விதிகள், 2023. ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கிறது. தீராத நோய், பிழைக்காத காயம் என்று முடிவானால் மட்டுமே கருணைக்கொலை. இன்னொரு நாயின் கண்ணெதிரே செய்யக் கூடாது. உயிர் போனதை உறுதி செய்யாமல் அப்புறப்படுத்தக் கூடாது. மனிதர்கள் பார்ப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

உதவியாளர் அண்ணன் பக்கத்துக் கூண்டு நாய்களை வெளியே ஓட்டுகிறார். ஒன்று போக மறுக்கிறது. அதன் கூண்டில் ‘கடிக்கும்’ என்று அட்டை. காதைப் பிடித்து இழுத்துப் போகிறார்.

ரத்தக்குழாயில் வென்ஃப்ளான் ஊசி ஏறுகிறது. முதலில் மயக்க ஊசி. பையன் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிக்கிறான். டாக்டர் தடுக்கவில்லை. நாய் ஒன்று தின்கிறது. இரண்டாவதை மோந்து பார்க்கிறது. அடுத்த ஊசி.

ஸ்டெதஸ்கோப் விலா மேல் இருக்கிறது. வழக்கத்தைவிட அதிக நேரம் இருக்கிறது. டாக்டர் விழியை விரல்நுனியால் தொடுகிறார். இமை அசையவில்லை. ரிஜிஸ்டரில் நேரம் எழுதப்படுகிறது. பையனின் செல்போன் மறுபடி அடிக்கிறது. இந்த முறை எடுத்து, “வந்துட்டேன் சார்” என்கிறான். வரவில்லை. இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.

டாக்டர் முழங்கை வரை கை கழுவுகிறார். குழாயை மூடுகிறார். திறக்கிறார். மறுபடி சோப்பு.

ஆபீஸ் அறையில் காலையிலிருந்து ஒரே பதில்: “இடம் இல்லைங்க.” இப்போது ஏழாம் கூண்டில் பிளீச்சிங் பவுடர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அடுத்து போன் செய்தவருக்குப் பதில் மாறுகிறது: “கொண்டு வாங்க.”

வாசலில் ஒரு பெண். அட்டைப்பெட்டியில் ஐந்து குட்டிகள். பார்வோ வைரஸ் டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு: தொற்று இருக்கிறது. உள்ளே தடுப்பூசி போடாத குட்டிகள் இருக்கின்றன. தனி வார்டு நிரம்பியிருக்கிறது. “வீட்ல வெச்சு டிரிப் ஏத்த முடியுமாம்மா?” டாக்டர் கேட்கிறார். பெண் பெட்டியைப் பார்க்கிறாள். பதில் சொல்லவில்லை.

முன்பு இங்கே இருந்த இன்னொரு டாக்டர் இப்போது கோழித் தீவன கம்பெனியில் இருக்கிறார். அவர் இடத்துக்கு விளம்பரம் கொடுத்தாயிற்று. இதுவரை ஒரு விண்ணப்பமும் வரவில்லை.