வேப்பங்கொட்டைக் கரைசல் எங்கிருந்து வந்தது?

நந்தியாவட்டையில் இலை குறைகிறதென்றால் நான் செடியைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்ப்பேன். மிளகு சிந்தியதுபோல் கறுப்பாக எச்சம் கிடந்தால், நேர் மேலே புழு இருக்கும். விரல் பருமன், இலையின் அதே பச்சை, தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண்புள்ளிகள், வாலில் சின்னக் கொம்பு. சீண்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் பொய்க் கண்களை உப்பிக் காட்டும். அரளியைத் தின்பதும் இதுதான். ஒன்றிரண்டு என்றால் கையால் எடுத்துப் போடலாம். கூட்டமாக வந்தால் எல்லோரும் சொல்வது வேப்பங்கொட்டைக் கரைசல். கூடவே, “காலங்காலமா நம்ம முன்னோர் தெளிச்சது” என்பார்கள். அந்தக் காலம் எது என்று தேடத் தொடங்கினேன்.

ஊரில் வயதானவர்களைக் கேட்டேன். குதிரில் வேப்பிலை போட்டது, துணிப்பெட்டியில் வைத்தது, வயலுக்குப் புண்ணாக்கு இட்டது எல்லாம் நினைவிருக்கிறது. கொட்டையை இடித்து ஊறவைத்துச் செடிமேல் அடித்த கதை யாரிடமும் இல்லை. “அடிக்கிறதுக்கு அப்ப ஸ்பிரேயர் எங்கடா இருந்துச்சு?” என்றார் பெரியப்பா. நியாயமான கேள்வி.

நூலகத்தில் தேடியபோது தடம் டெல்லிக்குப் போனது. 1962-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சியியலாளர் எஸ். பிரதான், வேப்பம்பருப்பை அரைத்துத் தண்ணீரில் கலக்கிப் பயிர்களில் தெளித்தார். பாலைவன வெட்டுக்கிளிகள் வந்து உட்கார்ந்தன, ஆனால் தின்னவில்லை. மூன்று வாரம் வரைகூட அந்தப் பயிர்களில் வாய் வைக்கவில்லையாம். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1959-இல், சூடானில் வெட்டுக்கிளிப் படை பச்சையையெல்லாம் மொட்டையடித்தபோது வேப்ப மரங்கள் மட்டும் தழையோடு நின்றதை ஜெர்மானியரான ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கவனித்திருந்தார். 1968-இல் இங்கிலாந்தில் வேப்பங்கொட்டையிலிருந்து அதன் வீரியப் பொருளான அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தார்கள். இந்தப் பொருள் பூச்சியை உடனே கொல்லாது. தின்னும் ஆசையைக் கெடுக்கும், தோலுரிக்கும் ஹார்மோனைக் குழப்பும். அடித்த மறுநாள் புழு உயிரோடு இருக்கிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

ஆக, கசப்பு பூச்சிக்கு ஆகாது என்பது பழைய அறிவு. நாம் தெளிக்கும் கரைசலுக்கோ எனக்குக் கிடைத்த தெளிவான தடம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் இருக்கிறது. மேடைகளில் வேம்புக் காப்புரிமை வழக்கைப் பேசுகிறவர்கள் பிரதானின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் 2000-இல் ஐரோப்பாவில் ரத்தாகி, 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்ற அந்தக் காப்புரிமை பூஞ்சைக்கானது, பூச்சிக்கானது அல்ல.

செய்முறை எளிது. லிட்டருக்கு 50 கிராம் பருப்பு வீதம் இடித்து, துணியில் கட்டி இரவெல்லாம் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்ட வேண்டும். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில்தான் அடிக்க வேண்டும், இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். கொட்டை மூன்று மாதத்துக்குக் குறையாமலும் எட்டு மாதத்தைத் தாண்டாமலும் இருப்பது உத்தமம். ஆனி, ஆடியில் பொறுக்கிக் காயவைத்தது ஐப்பசி மழைக்குத் துளிர்க்கும் செடிக்குச் சரியாக வரும். போன வருடக் கொட்டையைக் கடைக்காரர் சல்லிசாகத் தருகிறார் என்று வாங்காதீர்கள்.