ஆண் செடி பிடுங்கும் பருவம்

உத்தராகண்டின் அல்மோடாவுக்கு வடக்கே, பேருந்து நின்றுவிடும் இடத்திலிருந்து இரண்டு நாழிகை மலையேறினால் வரும் சிற்றூர் ஒன்றில், கஞ்சாச் செடியின் நாரைத் திரித்துக் கயிறும் சாக்கும் செய்யும் குடும்பத்தாரோடு புரட்டாசியில் மூன்று தினங்கள் தங்கியிருந்தேன். வீட்டின் மூத்த கிழவியைக் குமாவோன் வழக்கப்படி எல்லோரும் 'ஆமா' என்று அழைத்தார்கள்; தமிழ்க் காதில் அது சம்மதச் சொல்லாகவே விழுந்தாலும், எதற்கும் எளிதில் சம்மதிக்கிறவள் அல்லள் அவள்.

பிரெஞ்சு யாத்திரிகர் சொன்னரா இந்தியாவிலிருந்து கொண்டுசேர்த்த கஞ்சாச் செடியை ஆராய்ந்து, 1753-இல் தாவரசாஸ்திரி லின்னேயஸ் பெயரிட்ட 'சட்டைவா'வினின்றும் வேறான ஜாதி இது என்று துணிந்து, 1785-இல் 'இண்டிகா' என நாமகரணம் செய்த தாவரசாஸ்திரி லமார்க், தண்டு கடினம், பட்டை மெல்லிது, ஆகவே நாருக்கு இது பிரயோஜனப்படாது என்று எழுதிவைத்தார். அந்த அபிப்பிராயத்தைச் சுமந்துகொண்டு போன எனக்கு, ஓடையில் ஊறிய தண்டின் பட்டையை அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் உரித்தெடுக்கும் ஆமாவைக் காண்பது வேடிக்கையாக இருந்தது. லமார்க்கைக் குறைகூறவும் மனம் வரவில்லை. இந்தியா என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கும் செடி ஒன்றல்லவே.

"நெருக்கி விதைத்தால் பிரம்புபோல நிமிர்ந்து போகும், கலக்க விதைத்தால் புதர்போல அடர்ந்து விதை தரும்" என்றாள் ஆமா. ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடியாக நிற்கும் இந்தத் தாவரத்தில், மகரந்தம் உதிர்ந்ததும் வாடத் தொடங்கும் ஆண் செடிகளை முதலில் பிடுங்குகிறார்கள். அவற்றின் நார் மிருதுவானது. பெண் செடிகளோ விதை முற்றும்வரை நிற்கின்றன. கிளை விட்ட ஆண்களைப் பூ மலருமுன்பே களைந்துவிட்டு, கணுவிடை நீண்ட பெண்கள் சிலவற்றில் சிவப்புத் துணி கட்டி, அவற்றின் விதையையே மறு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளும் அவளுடைய முறையைத் தாவரசாஸ்திரிகள் தேர்வு என்று கௌரவமாகச் சொல்வார்கள். அவளுக்கோ அது வீட்டுக் காரியம்.

ஆமாவின் பேரனுக்கு மட்டும் ஒரு கவலை. போதைதரும் சத்து 0.3 சதவீதத்துக்கு மேற்படாத செடியையே பயிரிடலாம் என்பது உத்தராகண்டின் நிபந்தனை. அதற்கேற்ற விதையை வாங்கி விதைத்தாலும், வழியெங்கும் தானாக முளைத்து நிற்கும் பாங்கு என்னும் காட்டுக் கஞ்சாவின் மகரந்தம் காற்றோடு வந்து கலந்தால், இரண்டாம் வருஷத்து விதை என்ன குணத்தோடு பிறக்கும்?

"காட்டில் நிற்கிறதற்கும் லைசென்ஸ் கொடுப்பார்களாமா?" என்று ஆமா அவனைக் கேட்டாள். அவன் பதில் பேசவில்லை.

மூன்றாம் நாள் நானும் ஓடையில் இறங்கி உரித்துப் பார்த்தேன். கணுவுக்குக் கணு அறுந்து வந்தது. ஆமா தன் நீளப் பட்டைகளைக் கொடியில் காயப் போட்டுவிட்டு, என் துணுக்குகளை அடுப்பு மூட்டுவதற்கென்று தனிக்கூடையில் போட்டாள்.