இருந்தாரா, இருக்கிறாரா?

நமது நெடுநாளைய நண்பரொருவர் சென்ற ஆண்டு காலமானார். உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் போதித்தவர். ஊர் நூலகத்தார் அவர் நினைவாக ஒரு சிறு மலர் வெளியிட முனைந்தனர். வெளிநாடுகளில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் தமிழ் படிக்க அறியாதவர்கள். ஆகவே ஒரு பக்கமேனும் ஆங்கிலத்தில் அமைய வேண்டும், அதனை நீங்களே எழுதித் தர வேண்டும் என்று நம்மிடம் கேட்டனர். நாமும் இசைந்தோம். நமது ஆங்கிலத்தை வாழ்நாளெல்லாம் திருத்தி வந்தவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவது ஒரு கடனைத் திருப்பிச் செலுத்துவது போலத் தோன்றிற்று.

ஒரே இரவில் எழுதி முடித்து, துபாயிலுள்ள அவருடைய மகனுக்கு அனுப்பினோம். மறுநாள் தொலைபேசியில் அவர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"சாச்சா, எல்லாம் நல்லா இருக்கு. ஒரு இடம் மட்டும்... படிக்கிறவங்க உம்மாவும் மௌத்தாயிட்டாங்கன்னு நினைச்சிட மாட்டாங்களா?"

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளை எடுத்துப் பார்த்தோம். நண்பரின் துணைவியார் பொறுமை மிக்கவர் என்னும் கருத்தை எழுதிய வாக்கியத்தில், 'இஸ்' என்று நிகழ்காலம் வரவேண்டிய இடத்தில் 'வாஸ்' என்று இறந்தகாலத்தை எழுதியிருந்தோம். பிறந்தார், படித்தார், மணந்தார், போதித்தார் என்று அடுக்கி வந்த வினைகளின் வேகத்தில் பேனாவும் அவ்வழியே ஓடிவிட்டது. இரண்டு தெரு தள்ளி, பேரப் பிள்ளைகளோடு நலமாக வாழும் ஒரு தாயை, ஒரே ஒரு சொல்லால் மறைந்தோர் வரிசையில் சேர்த்துவிட்டோம்.

இது வெறும் கைப்பிழையன்று. ஆங்கிலத்தில் ஒருவருடைய நிலையான இயல்பையோ பிறந்த ஊரையோ இறந்தகாலத்தில் கூறினால், கேட்போர் அந்த ஆளே மறைந்துவிட்டார் என்று கொள்வது வழக்கம். 'அவர் மதுரைக்காரர்' என்பதை 'வாஸ்' கொண்டு சொல்லிப் பாருங்கள். பிறந்த ஊர் மாறுவதில்லை. ஆகவே மாறியது ஆளின் நிலைதான் என்று கேட்பவர் மனம் தானே முடிவு கட்டிக்கொள்கிறது.

நம் தமிழில் இந்தச் சங்கடம் பெரும்பாலும் எழுவதேயில்லை. 'அவர் நல்லவர்', 'அவர் நம் ஊர்க்காரர்', 'அவர் மனைவி பொறுமைசாலி' என்னும் வாக்கியங்களில் காலங்காட்டும் வினையே கிடையாது. இருப்பவருக்கும் மறைந்தவருக்கும் ஒரே வாக்கியம் போதும். வேறுபாடு காட்ட வேண்டுமாயின், பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறோம். வாக்கியம் பழையபடியே நிற்கிறது. வினை வரும் இடத்திலுங்கூட நம் இலக்கணம் சற்றுத் தாராளமானது. இன்னும் வீட்டை விட்டுப் புறப்படாதவன் 'இதோ வந்துவிட்டேன்' என்று குரல் கொடுத்தால், அவன் பொய் சொன்னதாக யாரும் கொள்வதில்லை. விரைவு கருதியும் தெளிவு கருதியும் காலம் இவ்வாறு பிறழ்ந்து வருவதை நன்னூலாரும் அமைத்துக்கொண்டார். ஆங்கிலமோ, ஒரு மனிதரைப் பற்றி வாய் திறந்தவுடனேயே, 'இருக்கிறாரா, இருந்தாரா?' என்று கேட்டு நம்மை நிறுத்துகிறது. மௌனமாகக் கடந்துபோக அது இடங்கொடுப்பதில்லை.

அன்றிரவு அந்தப் பக்கத்தை மீண்டும் எழுத உட்கார்ந்தோம். அடுத்த பிழையும் அகப்பட்டது. 'மூன்று தலைமுறைக்குக் கற்பித்திருக்கிறார்' என்பதை அப்படியே 'ஹாஸ் டாட்' என்று எழுதியிருந்தோம். தமிழில் வள்ளுவர் கூறியிருக்கிறார் என்கிறோம், கம்பர் பாடியிருக்கிறார் என்கிறோம், குற்றமில்லை. ஆங்கிலத்தில் 'ஹாஸ்' என்பது நடந்த செயலை இன்றைய நாளோடு முடிச்சுப் போடும் சொல். மறைந்தவரை எழுவாயாக வைத்து அவர் வாழ்க்கைச் செயலை அதனோடு சேர்த்தால் பெரும்பாலும் காதுக்கு இடறும். மொழியியலார் இதற்கு ஐன்ஸ்டைனை உதாரணம் காட்டுவதுண்டு. அவர் 1933-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் குடியேறி, 1955-ல் அங்கேயே மறைந்தார். ஆகவே அவர் அந்நகரில் 'லிவ்ட்' என்றுதான் எழுத வேண்டும். 'ஹாஸ் லிவ்ட்' என்றால் மனிதர் இன்னும் உயிரோடு இருப்பதுபோல் ஒலிக்கும். ஆனால் பிரின்ஸ்டன் நகரத்தையே எழுவாயாக்கி, அது பல பேரறிஞர்களைக் கண்டிருக்கிறது என்று எழுதினால் 'ஹாஸ்' பொருந்திவிடும். ஏனெனில் ஊர் இன்றும் இருக்கிறது. நாமும் அவ்வாறே செய்தோம். அவர் கற்பித்தார் என்று இறந்தகாலத்தில் முடித்து, இவ்வூர் அவரிடம் கற்றிருக்கிறது என்று அடுத்த வாக்கியத்தை அமைத்தோம்.

பின்னர் அவருடைய கட்டுரைகளைப் பற்றிய பத்தி வந்தது. இங்கே ஆங்கிலம் நம்மீது சிறிது இரக்கம் காட்டியது. ஷேக்ஸ்பியர் 1616-ல் மறைந்தவர். அவர் 'ஹாம்லெட்' நாடகத்தை எழுதினார் என்பது இறந்தகாலம். ஆனால் அந்நாடகத்தினுள் ஹாம்லெட் தயங்குகிறான், ஷேக்ஸ்பியர் உணர்த்துகிறார் என்று நிகழ்காலத்தில் எழுதுவதே ஆங்கிலத் திறனாய்வாளர் மரபு. எழுதிய கை ஓய்ந்தாலும் எழுத்து பேசிக்கொண்டிருக்கிறது என்பது அம்மரபின் உட்கருத்து. ஆகவே நண்பர் கட்டுரைகளை 'எழுதினார்' என்றும், அவற்றில் இன்னின்னது 'சொல்கிறார்' என்றும் எழுதினோம். 'சொல்கிறார்' என்று எழுதிய அந்த இடத்தில் கை சிறிது நேரம் நகரவில்லை.

இறுதி வாக்கியத்தில்தான் பெரிய சிக்கல். இரவல் வாங்கிய புத்தகம் ஓர் அமானிதம் என்று அவர் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வார். 'சொன்னார்' என்று தலைமை வினை இறந்தகாலத்தில் நிற்கும்போது, அதனைத் தொடரும் துணைவாக்கியமும் இறந்தகாலத்திற்குப் போக வேண்டும் என்பது விதி. அவ்விதிப்படி, புத்தகம் ஓர் அமானிதமாக 'வாஸ்' என்றாகும். இதற்கு விலக்கு உண்டா என்று பார்க்க ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலை அலமாரியிலிருந்து எடுத்தோம். விலக்கு இருந்தது. துணைவாக்கியம் கூறுவது என்றைக்கும் உள்ள உண்மையாயின், அங்கே நிகழ்காலம் வரலாம். பூமி உருண்டையானது என்று ஆசிரியர் நேற்றுச் சொல்லியிருந்தாலும், அது இன்றும் உருண்டைதானே!

ஆக, 'வாஸ்' என்று எழுதினால் அது அவர் கருத்து. நாம் அறிவித்தவர் மட்டுமே. 'இஸ்' என்று எழுதினால், அது உண்மைதான் என்று நாமும் அவரோடு சேர்ந்து கையொப்பமிடுகிறோம். இலக்கணத்தில் இரண்டிற்கும் இடமுண்டு, பொறுப்பு எழுதுகிறவனுடையது. 'இஸ்' என்றே எழுதி முடித்தோம்.

நூலை மூடும்போது முதற்பக்கத்தில் நண்பரின் கையெழுத்துத் தென்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வார காலத்திற்கென்று அவரிடம் இரவல் வாங்கியது அது. அவரும் கேட்கவில்லை, நாமும் கொடுக்கவில்லை. மறுநாள் காலை அந்நூலை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவருடைய துணைவியாரிடம் ஒப்படைக்க இரண்டு தெரு தாண்டி நடந்தோம்.