பூனையின் சாட்சியம்

தமிழில் பூனைக்கு நற்சான்றிதழ் வழங்கும் பழமொழி ஒன்றைத் தேடினால் எளிதில் கிடைக்காது. முடிவெடுக்கத் தெரியாதவனை மதில்மேல் பூனை என்கிறோம். போலிப் பக்தனை ருத்திராட்சப் பூனை என்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கும் பூனை உலகமே இருண்டுவிட்டதாக எண்ணுகிறதாம். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் பின்னங்கால்களில் எழுந்து நின்று தவம் செய்யும் பூனையும் எலிகளை ஏமாற்றவே அங்கு நிற்கிறது. கம்பர் மட்டும் பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையோடு தம்மை ஒப்பிட்டு, அதற்குச் சற்று இலக்கிய மரியாதை பெற்றுக்கொடுத்தார். அங்கும் அது ஆசை அடங்காத பூனைதான்.

இவை யாவும் தீர்ப்புகள். பூனை என்ன செய்தது என்பதை இவை சொல்வதில்லை. என்ன நோக்கத்தோடு செய்தது என்பதையே சொல்கின்றன. மனிதனின் நோக்கத்தைக் கண்டறிவதற்கே நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் சாட்சிகளை விசாரிக்கின்றன. பூனையின் நோக்கத்தை நாம் ஒரு நொடியில் முடிவுசெய்து விடுகிறோம்.

நீதிமன்றம் என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நான் வசிப்பது கொழும்பு 12, புதுக்கடை. 1656இல் கொழும்பு முற்றுகையின்போது இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்ட் என்பவரின் பெயரால் ஆங்கிலத்தில் அறியப்படும் இவ்விடம், இலங்கையின் நீதித்துறைக்குத் தலைவாசல். உயர் நீதிமன்றம் முதல் நீதவான் நீதிமன்றம் வரை அனைத்தும் இங்கேதான். இளம் நிருபராக நான் தொழில் பழகியதும் இந்த நீதிமன்றங்களின் பின்வரிசை வாங்குகளில்தான். அன்றைய செய்தி ஆசிரியர் எமக்குச் சொல்லித்தந்த பாடம் சுருக்கமானது. சாட்சி கண்டதை எழுது, கேட்டதை எழுது. ஏன் செய்தான் என்பதை நீதிபதி சொல்லும் வரை எழுதாதே.

அந்தப் பாடம் ஒரு பூனையின் விடயத்தில் எனக்குப் பயன்படும் என்று அன்று யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு, வெள்ளவத்தையில் தனியே வசித்துவந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பிள்ளைகளின் அழைப்பை ஏற்றுக் கனடாவுக்குப் புறப்பட்டார். வீட்டுச் சாமான்களை வாங்க ஆட்கள் இருந்தார்கள். நான்கு வயது நிரம்பிய மணி என்ற பூனையைக் கேட்கத்தான் எவருமில்லை. கொழும்பில் குட்டியென்றால் யாராவது எடுத்துச் செல்வார்கள். வளர்ந்த பூனையின் விதி வேறு. சாக்கில் கட்டி மீன் சந்தை ஓரத்திலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டுப் போவோர் நிறையப் பேர். ஆசிரியையின் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்த என் மனைவி, "நாங்கள் கொண்டுபோறம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டார். மூடியிட்ட பிரம்புக் கூடையில், முச்சக்கர வண்டியில், காலி வீதி நெடுகக் கத்திக்கொண்டே மணி புதுக்கடைக்கு வந்து சேர்ந்தது. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறம் கலந்த பெண் பூனை.

கூடையைத் திறந்ததும் அலுமாரியின் அடியில் புகுந்தது. ஆறு நாட்கள் பகலில் வெளியே வரவில்லை. வைத்த சோறும் மீனும் பகல் முழுவதும் தொடப்படாமல் கிடந்தன. விடியற்காலை ஐந்து மணிக்கு அறைக் கதவடியில் வந்து நின்று, அயலவர் எழும்பும்வரை கத்தியது. நான்காம் நாள், குனிந்து கையை நீட்டி அதை வெளியே எடுக்க முயன்ற என் மனைவியின் கையைப் பிறாண்டியது. காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அரசாங்க வைத்தியசாலையில் காட்டினோம். நீர்வெறுப்பு நோய் உள்ள நாட்டில் பூனைப் பிறாண்டலை அலட்சியம் செய்யக்கூடாது. ஆசிரியை பத்திரமாகத் தந்திருந்த தடுப்பூசி அட்டை அன்று பெரிதும் உதவியது.

அதன்பின் வீட்டில் தீர்ப்புகள் வரத் தொடங்கின. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த உறவினர், "நன்றி கெட்ட சாதி" என்றார். இன்னொருவர், "பூனை வீட்டைத்தான் பழகும், ஆளைப் பழகாது" என்றார். மனைவியும் சோர்ந்துபோனார். "இது எங்களோட ஒட்டாது போல கிடக்கு. கொண்டுபோய் வெள்ளவத்தையிலேயே விட்டுவிடுவமே?" என்று கேட்டார். வெள்ளவத்தையில் அதற்கு இப்போது வீடில்லை, தெருதான் உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டு முதியவரை எல்லோரும் நாநா என்றே அழைப்போம். அவர் மட்டும் வேறு விதமாகப் பேசினார். "தம்பி, பூனைய வெரட்டாதீங்க. அதுக்கு மனசு ஆற நாள் எடுக்கும்" என்றார். நபித் தோழர் ஒருவருக்கு அபூ ஹுரைரா, அதாவது பூனைக்குட்டியின் தந்தை, என்று பெயர் வந்ததையும் நினைவுபடுத்தினார்.

அன்றிரவே ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்தேன். நேரம், இடம், செயல் ஆகிய மூன்று நிரல்கள். நோக்கம் என்பதற்கு நிரல் கிடையாது.

ஒரு வாரக் குறிப்புகளைப் படித்தபோது முதலில் புலப்பட்டது, மணி பட்டினி கிடக்கவில்லை என்பதே. இரவு பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் தட்டு காலியாகியது. இது ஆறுதலுக்குரிய செய்தி மட்டுமன்று, மருத்துவ முக்கியத்துவம் உள்ள செய்தியும்கூட. வளர்ந்த பூனை இரண்டு மூன்று நாட்கள் எதையும் உண்ணாதிருந்தால் உடற்கொழுப்பு ஈரலில் சென்று தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என மிருக வைத்தியர்கள் எச்சரிப்பார்கள். ஒளிந்திருந்து உண்ணும் பூனைக்குக் காலம் கொடுக்கலாம். உண்ணவே உண்ணாத பூனையை உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்தது ஒளிந்திருத்தல். வீட்டுப் பூனையின் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப்பூனை. அது தனித்து வேட்டையாடும் பிராணி. தன்னைவிடப் பெரிய மிருகங்களுக்கு இரையாகவும் கூடியது. கூட்டத்தின் காவல் இல்லாத பிராணிக்கு மறைவிடமே காவல். நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகமொன்றுக்குப் புதிதாக வந்த பூனைகளுள் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடாமலும் அவதானித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பெட்டி கிடைத்த பூனைகளே விரைவில் பதற்றம் தணிந்தன. ஒளிய இடம் கொடுத்தால் வெளியே வருவதற்கான துணிவும் வருகிறது. நாங்களும் ஒரு காட்போட் பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, மணியோடு வந்திருந்த ஆசிரியையின் பழைய நூற்சேலைத் துண்டை அதனுள் விரித்தோம். அதைத் துவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பூனைக்கு வீடு என்பது முதலில் ஒரு வாசனை. கன்னங்களிலும் நெற்றியிலுமுள்ள சுரப்பிகளால் கதிரைக் காலிலும் கதவு நிலையிலும் உரசித் தன் வாசனையைப் பூசியே அது ஓர் இடத்தைத் தனதாக்கிக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அதன் வாசனை எங்குமே இருக்கவில்லை.

இந்த இடத்தில் நான் பிறந்த சமூகத்தின் அனுபவம் குறுக்கிடுகிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா நோக்கி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் இதே புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மனிதத் துயரைப் பூனையின் துயரோடு வைத்து நிறுப்பது என் நோக்கமன்று. ஆனால் காரணம் சொல்லப்படாமல் இடம் மாற்றப்பட்டவர் புது இடத்தின் முதல் இரவுகளில் கதவைப் பார்த்தபடியே படுப்பார் என்பதை நம்மவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அவரைத் திமிர் பிடித்தவர் என்று நாம் சொல்வதில்லை.

குறிப்பேட்டில் விளங்காமல் எஞ்சியது அதிகாலை ஐந்து மணிக் கூச்சல். வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது குறைவு. அந்த ஒலியை அவை பெரும்பாலும் மனிதரை நோக்கியே எழுப்புகின்றன. அப்படியானால் மணி யாரிடம், எதைக் கேட்டது? சாட்சியை அழைப்பதென்று தீர்மானித்து ஒரு மாலை ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஐஞ்சு மணிக்கு நான் எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பன், தம்பி. அப்பவே அவளுக்கும் ரெண்டு அவிச்ச நெத்தலி போட்டுவிடுவன். நாலு வருசமும் அப்பிடித்தான்" என்றார் ஆசிரியை. தூக்குவீர்களா என்று கேட்டேன். "தூக்கினால் அவளுக்குப் பிடியாது. தானாக வந்து பக்கத்தில இருப்பாள். வயித்தில மட்டும் கை வைக்கக்கூடாது."

அலுமாரியடியில் நீண்ட கை தொட்டது வயிற்றைத்தான் என்று என் மனைவி அருகிலிருந்து சொன்னார். இரண்டு புதிர்களும் அந்த இரண்டு நிமிடங்களில் தீர்ந்தன.

அழைப்பு ஒலிபெருக்கியில் இருந்தது. மணி பெட்டிக்குள் இருந்தது. சற்று மௌனத்தின் பின் ஆசிரியை கேட்டார்: "தம்பி, மணி என்னைத் தேடுறாளோ?"

முப்பது வருடத் தொழிலில் இதைவிடக் கடினமான கேள்விகள் அதிகம் வந்ததில்லை. தேடுகிறாள் என்றால் கடலுக்கப்பால் ஒரு வயோதிபத் தாய் இரவெல்லாம் அழுவார். தேடவில்லை என்றால் அதைவிட அதிகமாக அழுவார். இரண்டுக்கும் என்னிடம் ஆதாரமில்லை. "ரீச்சர், நீங்கள் பேசத் தொடங்கினதும் மணி தலையைத் தூக்கி, ரெண்டு காதையும் தொலைபேசிப் பக்கம் திருப்பினது. இப்பவும் அப்பிடியே வைச்சிருக்குது" என்று கண்டதைச் சொன்னேன். "அது போதும்" என்றார் அவர்.

அட்சுகோ சைதோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் 2013இல் சகாவொருவருடன் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. வளர்ப்பவரின் குரலையும் அந்நியரின் குரலையும் ஒலிப்பதிவில் கேட்கவைத்தபோது, பூனைகள் வளர்ப்பவரின் குரலை வேறுபிரித்து அறிந்தன. ஆனால் அவை எழுந்து ஓடிவரவில்லை. காதையும் தலையையும் திருப்பின, அவ்வளவுதான். நாய் ஓடிவருவதால் அதன் அன்புக்கு நாம் சாட்சி கேட்பதில்லை. பூனையின் காது திரும்புவதைப் பார்க்க ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.

மறுநாள் முதல் ஐந்து மணிக்கு நெத்தலி வைக்கப்பட்டது. கூச்சல் மூன்றே நாட்களில் நின்றது. இரண்டாம் வார முடிவில் மணி பகலில் வெளியே வந்து அறைகளை மோந்து பார்த்தது. மூன்றாம் வாரம் கதிரைக் காலில் கன்னத்தை உரசியது. ஒருநாள் என் மனைவியைப் பார்த்துக் கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதர் இப்படி மெதுவாகக் கண்சிமிட்டினால் பூனைகளும் பதிலுக்குச் சிமிட்டுகின்றன. அப்படிச் செய்பவரை நெருங்கவும் கூடுதலாக விரும்புகின்றன. மனைவியும் பதிலுக்குச் சிமிட்டினார். அதன்பின் வெள்ளவத்தைப் பேச்சு எழவில்லை. இப்போது ஐந்து மணிக்கு எழுவதும் அவர்தான்.

பின்மாலைகளில் மணி மாடிச் சுவரில் ஏறி, நீதிமன்றம் கலைந்து போகும் சட்டத்தரணிகளையும் முச்சக்கர வண்டிகளையும் பார்த்தபடி இருக்கும். உயரம் பூனைக்குப் பாதுகாப்பு. அங்கிருந்து வருவோர் போவோர் அனைவரையும் காணலாம். அது இந்தப் பக்கம் குதிப்பதா அந்தப் பக்கம் குதிப்பதா என்று தயங்கியதாக என் குறிப்பேட்டில் ஒரு பதிவுகூட இல்லை. நம் பழமொழிகளில் ஒன்றைமட்டும் நான் ஏற்றுக்கொள்கிறேன்: சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. வளர்ந்த பூனைக்கு ஞாபகம் உண்டு என்பதை அந்தப் பழமொழியைச் சொன்னவர் அருகிலிருந்து பார்த்திருக்கிறார்.

நாட்டைவிட்டுப் புறப்படுவோர் நம்மிடையே இன்னும் குறையவில்லை. பூனையை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுச் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். தடுப்பூசி அட்டையோடு, துவைக்காத பழந்துணி ஒன்றைக் கொடுங்கள். எத்தனை மணிக்கு என்ன உண்ணும், எங்கே படுக்கும், எங்கே தொட்டால் பிடிக்காது, எந்தப் பெயருக்குக் காது திருப்பும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொள்பவர் முதல் மாதத்துக்கு ஒரு பெட்டியும், சத்தமில்லாத ஓர் அறையும், சற்றுப் பொறுமையும் வைத்திருந்தால் போதும். ஆசிரியை ஞாயிறுதோறும் அழைக்கிறார். அவரிடம் சொல்வதற்காக, அந்த வாரம் மணி செய்தவற்றை நான் இன்னும் குறித்து வைக்கிறேன்.