எந்தப் படம் இறுதிப் படம்?

கட்டட வேலையில் எழும் பிணக்குகளுக்குச் சீமெந்தும் மணலும் கூலியுமே காரணம் என்று கருதுவோர் பலர். நாம் கண்ட பிணக்குகளிற் பல படத்தினால் விளைந்தவை. மேசன் கையில் ஒரு படம். மின்வேலை செய்பவர் கையில் மற்றொன்று. இரண்டிலும் ஒரே கட்டடத்தின் பெயர். எது பிந்தியது என்று அறியுமுன் சுவர் எழும்பிவிடும். கட்டுவதற்கு ஒரு கூலி, இடிப்பதற்கு ஒரு கூலி!

1842ஆம் ஆண்டில் ஜோன் ஹேர்ஷல் கண்ட நீலப்பட முறை, ஒரு படத்தைப் பல பிரதிகளாக்க வழிகாட்டிற்று. பிரதிகள் பெருகவே, பழையனவும் மூலைமுடுக்கெங்கும் தங்கின. இந்நாளிலோ படங்களைத் தொலைவிலுள்ள கணினிகளில் வைத்து, இணையத்தின் வழியே எடுத்துப் பார்க்கின்றோம். மேகக் கணிமை என்பது இதுவே.

அதனுள்ளே நுழைந்தால் முதலிற் செயற்றிட்டங்களின் பட்டியல் தோன்றும். ஒன்றைத் திறந்தால் கோப்புறைகள்; அவற்றுள் உட்கோப்புறைகள். ஊர், தெரு, வளவு, வீடு, அறை என முகவரி தேடிச் செல்வது போன்ற பயணம் இது. ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆவண மென்பொருளில், ஒரு படத்தை அதே கோப்புறையில் அதே பெயருடன் மீண்டும் ஏற்றினால், பழையது அழியாது. புதியது அதன் அடுத்த பதிப்பாக அமரும். பெயரோடு ‘புதியது’ என்றோ ‘கடைசி’ என்றோ ஒருவர் சேர்த்துவிட்டால், கணினி அதனை வேறொரு படமாகவே கொள்ளும். மீண்டும் இரு படங்கள். மீண்டும் அதே பிணக்கு.

இக்குழப்பத்தைத் தவிர்க்கவே, 2018இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் சர்வதேச நியமம் ஆவணங்களுக்கு நான்கு நிலைகளை வகுத்தது: வேலை நடப்பவை, பகிரப்பட்டவை, வெளியிடப்பட்டவை, காப்பில் வைக்கப்பட்டவை. பலர் இவற்றையே கோப்புறைகளின் பெயராகவும் இடுகின்றனர். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் செல்லுமுன் படம் சரிபார்க்கப்படல் வேண்டும்.

அச்சரிபார்ப்பு எத்துணை பெரிய பொறுப்பு! மேகக் கணிமை தோன்றுமுன், 1981 யூலை 17ஆம் திகதி, அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹயட் றீஜென்சி விடுதியின் இரு தொங்கு நடைபாலங்கள் இடிந்து வீழ்ந்து 114 பேர் மாண்டனர். இரு பாலங்களையும் ஒருசேரத் தாங்கவிருந்த நீண்ட கம்பிகளுக்குப் பதிலாக, ஒவ்வொன்றும் இரு கம்பிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதனால் மேற்பாலத்தின் இணைப்பில் சுமை இரட்டித்தது. மாற்றிய படத்தில் பொறியியலாளரின் முத்திரை இருந்தது. அவ்விணைப்பின் வலிமையையோ எவரும் கணித்துப் பார்க்கவில்லை.

அப்படம் இன்றைய மென்பொருளில் மிக ஒழுங்கான கோப்புறையில் இருந்திருப்பினும் அவ்வுயிர்கள் தப்பியிருக்குமா? தப்பியிரா. படம் எங்கே உள்ளது, எப்போது மாறிற்று, யார் மாற்றினார் என்பவற்றைக் கணினி சொல்லும். அது சரியானதா என்பதை மனிதரே சொல்ல வேண்டும். ‘வெளியிடப்பட்டவை’ என்ற கோப்புறையுள் ஒரு படத்தை இடுபவர், அதன்படி கட்டலாம் என்று வாக்குக் கொடுக்கின்றார்.

எனவே, இத்துறையிற் புகவிருக்கும் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். படம் திரையில் தோன்றியதும் செயற்றிட்டத்தின் பெயர், படத்தின் எண், பதிப்பு, வெளியிட்டவர் என்னும் நான்கையும் முதலிற் பாருங்கள். ஐயமிருப்பின் வெளியிட்டவரிடமே கேளுங்கள். கேட்பதற்குச் செல்வது சில நிமிடங்களே. கேளாமற் கட்டினால் என்ன செல்லும் என்பதைக் கன்சாஸ் நகரம் அறியும்.